மின் ஆளுமை: கணினிக்குப் பின்னால் இருக்கும் அலுவலகம்

1988-89இல் இந்திய அரசு நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் திட்டத்தைச் சில மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கியது. கர்நாடகத்தில் அதற்குத் தேர்வான மாவட்டம் குல்பர்கா. கட்டுக்கட்டாகக் கிடந்த பதிவேடுகளைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றினார்கள். ஆனால் நிலம் கைமாறாமல் இருக்குமா? தகப்பன் இறந்தால் பிள்ளைகள் பெயருக்கு மாறுகிறது. கடனை அடைக்க விற்கப்படுகிறது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். இந்த மாற்றங்களை அன்றாடம் ஏற்றத் தாலுகா அலுவலகத்தில் கணினி வைக்கத் திட்டத்தில் இடமே இல்லை. கையால் எழுதும் பதிவேடு வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. கணினியில் ஏறிய விவரம் நாளாக நாளாகப் பழசாகி, யாருக்கும் உதவாமல் போயிற்று.

இதில் இயந்திரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது ஒரு முறை செய்து முடிக்கும் வேலை என்று நினைத்தார்கள்; அது நாள்தோறும் நடக்க வேண்டிய அலுவலக வேலை என்பதை யாரும் திட்டமிடவில்லை. மின் ஆளுமை மேலாண்மை என்ற பாடம் கவனிப்பது இந்த இடத்தைத்தான்.

அரசு தன் வேலைகளைத் தகவல் தொழில்நுட்பத்தின் துணையோடு செய்வதை மின் ஆளுமை என்கிறோம். சான்றிதழ் தருவது, வரி வாங்குவது, அலுவலகத்துக்குள் கோப்பு நகர்த்துவது, ஒரு துறை இன்னொரு துறைக்கு விவரம் கொடுப்பது எல்லாம் இதில் அடங்கும். மேலாண்மை என்பது இவற்றுக்குப் பின்னால் எடுக்க வேண்டிய முடிவுகள். எந்த நடைமுறையை ஒழிப்பது, எந்த விதியைத் திருத்துவது, யார் கையெழுத்துக்கு அதிகாரம், ஊழியர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது, ஐந்தாம் ஆண்டில் பழுதுபார்க்கப் பணம் எங்கிருந்து வரும், சர்வர் நின்றுபோன நாளில் வரிசையில் நிற்பவருக்கு என்ன பதில். மென்பொருள் நிறுவனத்திடம் கேட்டு வாங்கக்கூடிய முடிவுகள் இல்லை இவை. அரசே எடுக்க வேண்டியவை.

குல்பர்காவில் தோற்ற அதே கர்நாடகம்தான் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிய ‘பூமி’ திட்டத்தால் உலகெங்கும் பேசப்பட்டது. வளரும் நாடுகளின் மின் ஆளுமையைப் படிக்க வருபவர்கள் முதலில் சந்திக்கும் உதாரணங்களில் ஒன்று அது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

பூமிக்கு முன்னால் நிலைமை இதுதான். மாநிலத்தில் சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் மூன்று நான்கு கிராமங்கள். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கடன் என்ற விவரம் முழுக்க அவர் கைப்பதிவேட்டில். அந்தப் பதிவின் நகலுக்குக் கன்னடத்தில் பஹணி என்று பெயர். நம் ஊர் அடங்கலும் சிட்டாவும் சேர்ந்தது போன்ற ஆவணம். வங்கியில் பயிர்க்கடன் வாங்கப் பஹணி வேண்டும். ஜாமீன் நிற்கவும் வேண்டும். கணக்கர் எப்போது ஊருக்கு வருவார் என்பது அவருக்கே வெளிச்சம். அரசுக் கட்டணம் சொற்பம். கொடுக்க வேண்டியிருந்ததோ நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் வரை. பதிவேட்டில் ஒரு பெயரை மாற்றி எழுதினாலும் கண்டுபிடிக்க வழி இல்லை.

2000ஆம் ஆண்டை ஒட்டி, ராஜீவ் சாவ்லா என்ற ஐஏஎஸ் அதிகாரியின் பொறுப்பில், மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் எழுதிய மென்பொருளோடு, 177 தாலுகா அலுவலகங்களில் பூமி மையங்கள் வந்தன. ஏறக்குறைய 67 லட்சம் நில உடைமையாளர்களின் 2 கோடிப் பதிவுகள் கணினிக்கு ஏறின. அப்போது 15 ரூபாய் கட்டினால் சில நிமிடங்களில் பஹணி கையில். மையத்தில் திரை இரண்டு இருக்கும். ஒன்று ஊழியரைப் பார்த்து, மற்றது எதிரே நிற்கும் விவசாயியைப் பார்த்து. தன் நிலத்தைப் பற்றி என்ன தட்டச்சாகிறது என்பதை அவர் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். ஊழியர் உள்ளே நுழையக் கடவுச்சொல் போதாது, விரல்ரேகையும் வைக்க வேண்டும். ‘என் பெயரில் வேறு யாரோ செய்துவிட்டார்கள்’ என்று பின்னால் கை விரிக்க முடியாது.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. திட்டத்தைக் காப்பாற்றிய முடிவுகள் கண்ணில் படாதவை. முதலாவது, ஒரு தாலுகாவில் கணினிப் பதிவு தயாரானதும் அந்தத் தாலுகாவில் கையால் எழுதிய பஹணி செல்லாது என்று அரசு அறிவித்தது. குல்பர்காவின் நோய் இரட்டைப் பதிவேடு. அதற்கு மருந்து இந்த ஒற்றை அறிவிப்பு. ‘கொஞ்ச நாளைக்கு இரண்டும் இருக்கட்டுமே’ என்ற பேச்சு எல்லா அலுவலகத்திலும் எழும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்ச நாள் எந்த அலுவலகத்திலும் தானாக முடிந்ததில்லை.

இரண்டாவது, வரிசை. பெயர் மாற்றத்துக்கு வரும் விண்ணப்பங்கள் வந்த வரிசையில்தான் திரையில் எழும். முன்னால் இருப்பதை முடிக்காமல் பின்னால் இருப்பதை எடுக்கக் கணினி விடாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். அலுவலகத்தில் ஒரு கோப்பை மேலே எடுத்து வைப்பதிலும் அடியில் செருகுவதிலும் எவ்வளவு வருமானம் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

மூன்றாவது, ஆள். தலைமுறையாகப் பதிவேட்டை வைத்திருந்த கணக்கர்களிடம் கணினியைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புதிதாகத் தேர்வான இளம் கணக்கர்களைத்தான் மையங்களில் உட்கார வைத்தார்கள். பழையவர்களை ஒதுக்கவும் இல்லை. ஏற்றிய விவரம் சரிதானா என்று மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடும் பொறுப்பு அவர்களுக்கு வந்தது. எழுத்து புரியாத பழைய பதிவேட்டை அதை எழுதியவர்களை விட்டால் வேறு யார் சரிபார்ப்பது?

பெங்களூரின் பொது விவகார மையம் என்ற தன்னார்வ அமைப்பு 2002இல் எடுத்த கணக்கெடுப்பில், பழைய முறையில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். பூமி மையங்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான்.

இனி மறுபக்கம். பஹணி நகல் வாங்குவது ஒரு வேலை. பெயர் மாற்றுவது வேறு வேலை. நகலில் மனித முடிவு எதுவும் இல்லை, அச்சிட்டுத் தரலாம். பெயர் மாற்றத்தில் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருந்து, வருவாய் ஆய்வாளர் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த உத்தரவு மனிதர் கையில்தான் இருந்தது. பெங்களூரைச் சுற்றியுள்ள பகுதிகளைப் படித்த ஆய்வாளர்கள் 2007இல் இன்னும் கடுமையான கேள்வி எழுப்பினார்கள். கிராமத்தில் நடந்த பேரம் தாலுகாவுக்கு ஏறிவிட்டது, ஏழை விவசாயிக்கு ஊர்க் கணக்கரிடம் இருந்த செல்வாக்கும் போயிற்று, விவரம் ஒரே இடத்தில் குவிந்ததால் பெரிய அளவில் நிலம் தேடுபவர்களுக்குத்தான் வசதி என்பது அவர்கள் வாதம். பூமியைப் பாராட்டும் கட்டுரைகளில் இதைப் பெரும்பாலும் காண முடியாது. என் மதிப்பீட்டில் இரண்டும் உண்மைதான். ஒரு திட்டம் நகல் கொடுப்பதில் வென்று, அதிகாரத்தைப் பங்கிடுவதில் வேறு விளைவைத் தரலாம். யாருக்கு நன்மை என்ற கேள்வியைச் சராசரிக் கணக்கால் மூடிவிட முடியாது.

இங்கே புதியவர்கள் அறிய வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. பொதுமக்கள் பார்ப்பது முன்வாசல்: இணையதளம், செயலி, சேவை மையம். விண்ணப்பம் உண்மையில் தீர்வது பின்கட்டில்: எழுத்தர், ஆய்வாளர், வட்டாட்சியர், அவர்களுக்கு இடையே நகரும் கோப்பு. முன்வாசலைப் புதுப்பிப்பது சுலபம். திறப்பு விழாவுக்கும் ஏற்றது. பின்கட்டைத் தொடாமல் விட்டால், வெளியே இணையத்தில் வாங்கிய விண்ணப்பத்தை உள்ளே அச்செடுத்துப் பழைய கோப்பில் கோர்க்கும் வேடிக்கை நடக்கும்.

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 2000 ஜனவரியில் தொடங்கிய ‘ஞானதூத்’ இதற்குச் சாட்சி. கிராமங்களில் கணினி மையங்கள், அவற்றை நடத்த உள்ளூர் இளைஞர்கள், சந்தை விலை, சான்றிதழ் விண்ணப்பம், புகார் மனு என்று நல்ல யோசனை. அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தது. ஆனால் தார் ஒரு பழங்குடி மாவட்டம். மின்சாரம் வரும் போகும். தொலைபேசி இணைப்பும் அப்படியே. அதைவிட முக்கியம், மையத்திலிருந்து மின்னஞ்சலில் போன மனுவை வாங்கிய அலுவலகங்கள் காகிதத்தில்தான் இயங்கின. திட்டத்தை உயிராக நினைத்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் பிடி தளர்ந்தது. மையத்துக்கு வருபவர்கள் குறைய, நடத்திய இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆட்சியர் மாறினால் திட்டமும் மாறும் என்பது நம் பக்கத்து நாடுகள் பலவற்றிலும் உள்ள கதை. ஒரு திட்டத்தை ஒருவரின் ஆர்வத்திலிருந்து பிரித்து, அரசாணையிலும் வரவுசெலவுத் திட்டத்திலும் பணியிடப் பட்டியலிலும் ஏற்றிவிட்டால்தான் அது நிலைக்கும். செய்திக்கு ஆகாத சலிப்பான வேலை அது.

இத்தகைய தோல்விகளை ஒரு சட்டகத்துக்குள் கொண்டுவந்தவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ். வளரும் நாடுகளின் மின் அரசுத் திட்டங்களில் சுமார் 35 விழுக்காடு முழுத் தோல்வி, 50 விழுக்காடு பாதித் தோல்வி, 15 விழுக்காடு மட்டுமே வெற்றி என்று 2003இல் அவர் மதிப்பிட்டார். கிடைத்த ஆய்வுகளை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு அது. அந்த எண்ணை இன்றும் வேதவாக்காக மேற்கோள் காட்டுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். எண்ணைவிட அவர் தந்த காரணம்தான் பயனுள்ளது. திட்டம் வரைபவர் மனதில் ஓர் அலுவலகம் இருக்கிறது. நேரில் வேறோர் அலுவலகம் இருக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவோ, தோல்விக்கான ஆபத்தும் அவ்வளவு. தகவல், தொழில்நுட்பம், நடைமுறை, ஊழியர்களின் நோக்கமும் மனப்பாங்கும், திறமை, நிர்வாக அமைப்பு, பணமும் காலமும் என்று ஒவ்வொன்றிலும் இந்த இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்கிறார். பணக்கார நாட்டில் ஓடிய மென்பொருளை அப்படியே ஏழை நாட்டு அலுவலகத்தில் இறக்கும்போது அங்கிருக்கும் அலுவலகம் பற்றிய அனுமானங்களும் பெட்டியோடு கூடவே வந்து இறங்குகின்றன. எல்லா ஊழியரும் மின்னஞ்சல் பார்ப்பார்கள், எழுத்தில் உள்ள விதிதான் நடைமுறையில் உள்ள விதி, குடிமக்கள் எல்லோர் பெயரும் எல்லாப் பதிவேட்டிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்பவை அந்த அனுமானங்கள். கடைசியை ஒரு தமிழரிடம் சொல்லிப் பாருங்கள். தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா, தகப்பன் பெயர் முழுதாகவா சுருக்கமாகவா என்பதில் ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இடையே மாட்டிக்கொள்ளாத குடும்பம் குறைவு.

இடைவெளியை அளப்பது சரி, வெற்றியை எப்படி அளப்பது? எத்தனை சேவைகள் இணையத்துக்கு வந்தன என்ற எண்ணிக்கையைத்தான் அரசுகள் பெரும்பாலும் சொல்லும். வங்காளதேசம் இதில் ஓர் எளிய அளவுகோலைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பிரதமர் அலுவலகத்தில் இயங்கிய ‘ஏ டு ஐ’ திட்டம் ஒரு சேவையை எடுத்துக்கொண்டு மூன்றே மூன்றைப் பார்த்தது: பெறுபவருக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, எத்தனை முறை அலைச்சல். இணையத்தில் விண்ணப்பித்தும் மூன்று முறை அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தால் அலைச்சல் மூன்று. அதற்கு மேல் விவாதம் இல்லை. 2010 நவம்பரில் அந்த நாட்டின் 4,501 யூனியன்களிலும், அதாவது ஊராட்சி அளவில், சேவை மையங்களைத் திறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு தொழில்முனைவோர். பெண்கள் தயங்காமல் உள்ளே வர வேண்டும் என்ற யோசனை அதில் இருந்தது. ஊர் ஊராக மையம் என்பதும் ஒரு மேலாண்மை முடிவுதான். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகும், படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதன் மதிப்பு குறையவில்லை.

பணத்துக்கு வருவோம். வெளிநாட்டு உதவியோ கடனோ வரும்போது கணினி வாங்கவும் மென்பொருள் எழுதவும் பணம் கிடைக்கும். ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க, பாதுகாப்பைப் பலப்படுத்த, காப்பு நகல் எடுக்க, நல்ல பொறியாளரைத் தக்கவைக்க யாரும் கொடுப்பதில்லை. இலங்கை 2023இல் இதற்கு விலை கொடுத்தது. அரசுத் துறைகள் பகிர்ந்து பயன்படுத்திய ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ என்ற கணினி அமைப்பின் மீது பிணைப்பணம் கேட்கும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைப்பை விரைவில் மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்களுக்குக் காப்பு நகல் இல்லை. அவை போனவை போனவைதான். அங்கே ஓடிக்கொண்டிருந்தது காலாவதியான 2013ஆம் ஆண்டு மின்னஞ்சல் மென்பொருள். 2021 முதலே அதைப் புதுப்பிக்கத் திட்டம் இருந்தும் நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய நிர்வாகக் குழுவின் முடிவுகளாலும் தள்ளிப்போனதாகப் பொறுப்பான முகமையே சொன்னது. அப்படித் தள்ளிப்போன காலத்துக்கு நடுவில்தான், 2022இல், நாடே பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது காப்பு நகலுக்குப் பணம் கேட்கும் அதிகாரியின் குரல் எந்தக் கூட்டத்தில் எடுபடும்? அதனால்தான் இந்தச் செலவு ஒவ்வொரு முறையும் கெஞ்சிப் பெற வேண்டியதாக இல்லாமல், சம்பளத்தைப் போல வரவுசெலவுத் திட்டத்தில் நிலையாக இருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில் கென்யாவின் ‘இ-சிட்டிசன்’ தளம் தாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான அரசுச் சேவைகளை ஒரே வாசலுக்குக் கொண்டுவந்த தளம் அது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், விசா எல்லாம் ஒரே நேரத்தில் தடுமாறின. இணைய விசா கிடைக்காமல் வருபவர்களுக்கு விமான நிலையத்திலேயே விசா தருவோம் என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று. பூமியில் கைவழியை, அதாவது கணினி இல்லாமல் கையால் எழுதித் தரும் முறையை, அடைத்தது சரியான முடிவு என்று மேலே சொன்னேன். கென்யாவில் கைவழி இருந்ததுதான் பயணிகளைக் காப்பாற்றியது. முரணாகத் தோன்றினால், வேறுபாடு இது: அன்றாடத்துக்கு ஒரே வழி போதும், கணினி நிற்கும் நாளுக்கு, எழுதி வைத்த, பழகிப் பார்த்த இன்னொரு வழி வேண்டும். யார் உத்தரவிட்டால் அது திறக்கும், எப்போது மூடும், அந்த இடைவேளையில் நடந்தவை எப்படிக் கணினிக்கு ஏறும் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ரேஷன் கடைக் கருவியில் விரல்ரேகை பதியாத கூலித் தொழிலாளிக்கும் இதே கேள்விதான். கல்லும் மண்ணும் அள்ளித் தேய்ந்த விரலைக் கருவி ஏற்கவில்லை என்றால் அரிசி தரலாமா கூடாதா என்பதைக் கடை ஊழியரின் இரக்கத்துக்கு விட்டுவைப்பது மோசமான நிர்வாகம்.

கடைசியாக, துறைகளுக்கு இடையிலான சுவர். நிலத்தை விற்றால் பத்திரம் பதிவாவது பதிவுத்துறையில். பெயர் மாறுவது வருவாய்த்துறையில். இரண்டும் தனித்தனியாகக் கணினிமயமான பிறகும், இங்கே வாங்கிய காகிதத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர் வேலையைக் குடிமகனே பார்க்க வேண்டியிருந்தது. கர்நாடகத்தில் பதிவுத்துறையின் ‘காவேரி’ மென்பொருளைப் பூமியோடு இணைத்தார்கள். பத்திரம் பதிவானதும் பெயர் மாற்றம் தானே தொடங்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இரண்டு தரவுத்தளங்களைக் கோர்க்கும் வேலை. நிர்வாகமாகப் பார்த்தால், தவறான விவரம் போனால் எந்தத் துறை பொறுப்பு, சர்வே எண்ணை யார் எழுதும் முறையில் எழுதுவது, யாருடைய பதிவு செல்லும் என்று இரண்டு துறைச் செயலாளர்கள் உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய வேலை. காலம் பிடிப்பது அங்கேதான்.

தமிழ்நாட்டிலும் இதே பாதையில், உட்பிரிவு தேவைப்படாத நிலத்துக்குப் பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாறும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஒரு சர்வே எண்ணில் பாதியை மட்டும் வாங்கினால் அந்த வழி செல்லாது. நில அளவர் நேரில் வந்து அளந்து, புதிய உட்பிரிவு எண் போட்டு, வரைபடத்தைத் திருத்தி, வட்டாட்சியர் ஒப்புதல் தர வேண்டும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அது எவ்வளவு வேகமாக நகரும் என்பதை அந்த வட்டத்தில் எத்தனை நில அளவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.